மகன் ஒரு சிப்போடு மல்லுக்கட்டுகிறான் என்று கவலைப்படும் அப்பாவுக்கு

வணக்கம் ஐயா.

"ஆறு வாரமா ஒரே புரோகிராம், இன்னும் முடியலை. கூடப் படிக்கிற பசங்க எல்லாம் ஜாவா கோர்ஸ் சேர்ந்துட்டாங்க" என்று போனில் வருத்தப்பட்டீர்கள். நேற்று பையன் வந்து இரண்டு மணி நேரம் பேசினான். அந்த புராஜெக்டை விடச் சொல்லாதீர்கள்.

அவன் செய்வது இதுதான். கிணற்று மோட்டாரின் வோல்டேஜ், கரண்ட், சூடு எல்லாவற்றையும் ஒரு மைக்ரோகண்ட்ரோலர் (கருவிக்குள் வைக்கும் குட்டிக் கம்ப்யூட்டர்) அளந்து, பக்கத்தில் இருக்கும் வின்பாண்ட் கம்பெனியின் ஃபிளாஷ் என்ற நினைவக சிப்பில் எழுதி வைக்கிறது. கரண்ட் போனாலும் எழுதியது அழியாது. ஒரு பதிவுக்கு 24 பைட். திரும்பப் படித்தால் சில பதிவுகள் மட்டும் குப்பையாக வந்தன. வயர் லூஸ் என்றார்கள் நண்பர்கள். டூப்ளிகேட் சிப் என்றார் லேபில் ஒருவர். இவன் இரண்டு முறை சிப்பை மாற்றியும் பார்த்துவிட்டான்.

அப்புறம்தான் உருப்படியான ஒரு காரியம் செய்தான். கெட்டுப்போன பதிவுகளின் எண்ணைக் காகிதத்தில் எழுதினான்: 1, 11, 12, 22. அடுத்து 33, 43, 44, 54. லூஸ் வயர் இப்படிக் கணக்குப் பார்த்தா கெடுக்கும்? அந்த சிப் 256 பைட் கொண்ட பக்கம் பக்கமாகத்தான் எழுதும். பத்துப் பதிவுக்கு 240 பைட் போய்விட்டால் 11ஆவது பதிவில் 16 பைட்டுக்குத்தான் இடம். மிச்சம் 8 பைட் அடுத்த பக்கத்துக்குப் போகாது. அதே பக்கத்தின் தொடக்கத்துக்குத் திரும்பி முதல் பதிவின் மேலேயே விழும். சிப்பில் எல்லாமே 1, 0 என்றுதான் பதிவாகும். ஃபிளாஷில் எழுதும்போது 1ஐ 0 ஆக்கலாமே தவிர, 0வை 1 ஆக்க முடியாது. அதற்கு செக்டார் எனப்படும் 4 கிலோபைட் பகுதியை மொத்தமாக அழிக்க வேண்டும். அதனால் இரண்டு பதிவும் கலந்து உருத்தெரியாமல் போகின்றன. சிப் கம்பெனி தரும் விவரக் குறிப்பில் (டேட்டாஷீட்) சில வரிகளில் இருக்கும் விஷயம். முந்தாநாள் ராத்திரி அதை அவனே கண்டுபிடித்திருக்கிறான். உங்களுக்குப் புரியாது என்று நினைத்துச் சொல்லவில்லை போல. மோட்டார் ரீவைண்டிங் பட்டறை நடத்துகிறவருக்கு இது புரியாதா? எப்போது சூடாகிறது என்று கேட்காமல் நீங்கள் காயிலைப் பிரிப்பீர்களா என்ன!

ஃபிளாஷ் சிப் விஷயத்தில் வெளிநாட்டில் பெரிய கம்பெனியே மாட்டிக்கொண்டிருக்கிறது. ஓயாமல் எழுதி எழுதி 8 ஜிபி ஃபிளாஷ் தேய்ந்து, திரையும் பின்பக்க கேமராவும் செயலிழக்கும் என்பதால், 2021இல் டெஸ்லா அமெரிக்காவில் சுமார் 1,35,000 கார்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. பையனின் சிப்பிலும் ஒரு செக்டாரைச் சுமார் ஒரு லட்சம் முறைதான் அழித்து எழுதலாம். ஒரே இடத்தில் எழுதாமல் சுற்றிச் சுற்றி எழுத இனிமேல்தான் அவன் கற்க வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். எம்பெடட் துறையில், அதாவது இப்படிக் கருவிக்குள் இருக்கும் சிப்புக்கு புரோகிராம் எழுதும் துறையில், ஃப்ரெஷர் வாய்ப்பு ஐடி சர்வீஸ் கம்பெனிகள் அளவுக்கு இல்லை. ஆரம்பச் சம்பளமும் பெரிதாக இருக்கும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். ஆனால் கோவையில் பாஷ் இருக்கிறது, ஓசூரில் டிவிஎஸ் இருக்கிறது, பம்ப் கண்ட்ரோலர் செய்யும் சின்ன கம்பெனிகளும் உண்டு. அங்கே "என்ன கோர்ஸ் முடித்தாய்?" என்பதைவிட "எதில் மாட்டிக்கொண்டாய், எப்படி வெளியே வந்தாய்?" என்ற கேள்விக்குத்தான் மதிப்பு. அந்த எண்கள் எழுதிய காகிதம் அவன் கையில் இருக்கட்டும். 100% பிளேஸ்மென்ட் என்று போர்டு வைத்த இடத்தில் பணம் கட்டாதீர்கள். படிப்பு முடிந்தும் வேலை அமையவில்லை என்றால் மத்திய அரசின் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் நடத்தும் ஆறு மாத எம்பெடட் டிப்ளமோ இருக்கிறது. அதற்கு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

கேம்பஸ் இன்டர்வியூவையும் விட வேண்டாம். காலையில் ஒரு மணி நேரம் ஆப்டிடியூட், சி மொழி. ராத்திரி சிப்.

உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் பாதிப் பதிவு நிற்கும். அதை அவன் இன்னும் சோதிக்கவில்லை. பட்டறை ஓரத்தில் ஒரு பழைய மோட்டாரும் ஸ்விட்சும் கொடுங்கள். ஒரு நூறு முறையாவது நடுவில் அணைத்துப் பார்க்கட்டும்.