செடிக்கு என்ன குறை? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மொட்டைமாடித் தொட்டியில் காகிதப்பூச் செடி மூன்று வருடமாக இருக்கிறது. மாதம் தவறாமல் உரம், தினமும் இரண்டு வேளை தண்ணீர். இலை மட்டும் மண்டிக் கிடக்கிறது; பூவே இல்லை. இன்னும் என்ன செய்யலாம்?

பதில்: செய்வதில் பாதியை நிறுத்தினால் போதும். தழைச்சத்தும் தண்ணீரும் தாராளமாகக் கிடைக்கும்வரை காகிதப்பூ வளர்ந்துகொண்டுதான் இருக்கும். பூக்கும் எண்ணமே அதற்கு வராது. முதலில் வெயிலைப் பாருங்கள். நேரடி வெயில் குறைந்தது 6 மணி நேரம் விழ வேண்டும். அது இல்லாத மூலையில் வேறு எந்த வைத்தியமும் எடுபடாது.

வெயில் சரியாக இருந்தால், உரத்தை இரண்டு மாதம் மறந்துவிடுங்கள். எல்லாக் கிளைகளின் நுனியிலும் மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்கள். புதுத் துளிரில்தான் பூ வரும். அடியிலிருந்து குச்சிபோல் நெட்டையாகக் கிளம்பும் முள் தண்டுகளை அடியோடு எடுத்துவிடலாம். துளிர் விட்டபின், இலை லேசாகத் தொய்யும்வரை தண்ணீரை நிறுத்திவைத்து, பிறகு அடித்துளை வழியே வழியும் அளவுக்கு ஊற்றுங்கள். மூன்று நான்கு வாரம் இப்படியே போகட்டும். நுனியில் மொட்டு கண்ணில் பட்டதும் பட்டினி போடுவதை விட்டுவிட வேண்டும். அப்போதும் காயப் போட்டால் மொட்டு உதிரும். பெரிய தொட்டிக்கு மாற்றும் ஆசை வேண்டாம். வேர் நெருக்கமாக இருந்தால்தான் இது பூக்கும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் மண்கட்டியை உதிர்க்காமல் அப்படியே இறக்குங்கள், இதன் வேர் நூல்போல அறுந்துவிடும். (நாம் பூ என்று ரசிக்கும் அந்த நிறமெல்லாம் இலைதான். நடுவில் நிற்கும் சின்ன வெள்ளைக் குழல்தான் நிஜப் பூ.)

கேள்வி: மதிலோரம் வைத்த இட்லிப்பூச் செடியில் புது இலைகள் மஞ்சளாக வருகின்றன. எப்சம் உப்பு போட்டும் மாறவில்லை.

பதில்: ஓர் இலையைப் பறித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நரம்பு பச்சையாகவும் இடைப்பட்ட பரப்பு மஞ்சளாகவும், அதுவும் இளம் இலையிலேயே தெரிந்தால், அது இரும்புச்சத்துக் குறை. எப்சம் உப்பில் இருப்பது மெக்னீசியம். அதன் குறை முதிர்ந்த இலையில்தான் முதலில் தெரியும். செடி மெக்னீசியத்தைப் பழைய இலையிலிருந்து உருவி இளசுக்கு அனுப்பும். இரும்பை அப்படி நகர்த்த அதற்கு வழியில்லை.

பெரும்பாலும் மண்ணில் இரும்பு இருக்கும், செடியால் எடுக்க முடியாது. இட்லிப்பூ புளிப்பு மண்ணை விரும்பும் செடி. கார அமிலநிலை (pH) 5 முதல் 6 வரை இருந்தால் செழிக்கும். மதிலிலிருந்து கரையும் சுண்ணாம்பும், கட்டும்போது கொட்டிய சிமெண்ட் காரையும் அந்த இடத்தைக் காரமாக்கிவிடும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் நிலைமை இன்னும் மோசம்.

உடனடி நிவாரணம்: 1 லிட்டர் தண்ணீரில் முதலில் 1 கிராம் சிட்ரிக் அமிலம், பிறகு 5 கிராம் ஃபெரஸ் சல்பேட் கரைத்து, மாலையில் இலையின் இருபுறமும் தெளியுங்கள். 10 நாள் இடைவெளியில் மூன்று முறை. மதிலிலும் தரையிலும் பட்டால் துருக்கறை போகவே போகாது, சாக்கை விரித்துக்கொள்ளுங்கள். நிரந்தரத் தீர்வு, செடியை மதிலிலிருந்து மூன்றடியாவது தள்ளி வைப்பதுதான். முடியாதென்றால் காரைத் துண்டுகளைப் பொறுக்கிவிட்டு, மட்கிய இலையுரம் கலந்து, கீலேட் இரும்பு (செடி எடுக்கும் நிலையிலேயே இருக்கும்படி கட்டிவைத்த இரும்பு) வையுங்கள். வாங்கும்போது இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகையா என்று கேளுங்கள். இ.டி.டி.ஏ. (EDTA) வகை கார மண்ணில் சீக்கிரமே பயனற்றுப்போகும்.

கேள்வி: வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே 10 அடி இடம். செம்மயிற்கொன்றை (குல்மொஹர்) கன்று வாங்கிவிட்டேன். வைக்கலாமா?

பதில்: வேண்டாம். அது 30 அடிக்கு மேல் உயர்ந்து, உயரத்தைவிட அகலமாகக் குடை விரிக்கும். மேலோட்டமான வேர் தளக்கல்லைத் தூக்கும். கிளையோ காற்றில் முறியும் ரகம். கன்றை இடமிருப்பவர் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். 10 அடிக்குப் பவழமல்லியோ ப்ளுமேரியாவோ பொருந்தும், இரண்டும் வெட்டுக்கு அடங்கும்.

ஆழக்குழி வெட்டி நடும் பழக்கத்தையும் விடுங்கள். குழியின் ஆழம் மண்கட்டியின் உயரம் மட்டும். அகலம்தான் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. ஆழத் தோண்டி நிரப்பிய மண் நாளாக நாளாக அமுங்கும், கன்றும் கூடவே இறங்கும். தண்டு வேராக மாறும் இடம் மண்ணுக்குள் புதைந்தால் பட்டை அழுகத் தொடங்கும். பையைக் கிழித்ததும் சுற்றிச் சுருண்ட வேர் தெரிந்தால் வெட்டிவிடுங்கள். விட்டுவைத்தால் பின்னாளில் அதுவே மரத்தின் கழுத்தை நெரிக்கும்.

கேள்வி: செம்பருத்தியில் மாவுப்பூச்சி. மருந்து அடித்தாலும் பத்தே நாளில் திரும்ப வருகிறது.

பதில்: தண்டில் எறும்பு ஏறுகிறதா, பாருங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புதான் அதற்குக் காவல் நிற்கிறது. முதலில் தண்டில் ஒட்டும் பட்டை சுற்றி எறும்பைத் தடுங்கள். மொய்த்த நுனிகளை வெட்டிப் பைக்குள் கட்டி எறியுங்கள். மீதியைத் தண்ணீரைப் பீய்ச்சி உதிர்த்தபின், 1 லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயை 2 மில்லி சோப்புத் திரவத்தோடு நன்றாகக் கலக்கி, வெயில் தாழ்ந்ததும் அடியுங்கள். முட்டையை இது முழுதாகக் கொல்லாது. அதனால்தான் வாரம் ஒருமுறை வீதம் மூன்று முறை.

கேள்வி: தண்ணீர் வடியத் தொட்டியடியில் ஜல்லி போடலாமா?

பதில்: தேவையில்லை. மேலே உள்ள மண் முழுக்க ஊறித் ததும்பாமல் தண்ணீர் ஜல்லிக்குள் இறங்காது. ஆகவே ஈரம் தேங்கும் பகுதி வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும். துளைமேல் ஒரு வலைத்துண்டு போதும்.