முதலாண்டிலேயே விலகும் பொறியியல் மாணவர்கள்: அறிமுகப் பாடத்தில் எதை மாற்றலாம்?

கேள்வி: சிங்கப்பூரில் முதலாண்டு மாணவர்களுக்குப் பொறியியல் அறிமுகப் பாடம் நடத்துகிறேன். ஆண்டு முடிவதற்குள் சிலர் வேறு துறைக்கு மாறிவிடுகிறார்கள். தேசிய சேவை (பள்ளிக்கல்விக்குப் பின் ஆண்கள் ஆற்றும் கட்டாயப் படைப்பணி) முடித்து வருபவர்கள் கணிதத்தைக் கண்டு மிகவும் தயங்குகிறார்கள். நான் என்ன செய்யலாம்?

பதில்: தேசிய சேவையைக் குறிப்பிட்டீர்கள், அங்கிருந்தே தொடங்குகிறேன். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நுண்கணிதத்தைத் தொடாத ஒருவர், முதல் வாரத்திலேயே பலகை நிறையச் சமன்பாடுகளைப் பார்க்கும்போது, மறந்துபோனதைத் தம் இயலாமை என்று எடுத்துக்கொள்கிறார். அது தவறான முடிவு. ஆனால் அதை மாற்றச் சொற்கள் போதா.

அமெரிக்காவின் ஒஹாயோவிலுள்ள ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகம் 2004இல் ஒரு வழி கண்டது. நுண்கணிதத் தாள்களை முடித்தால்தான் பொறியியல் பாடங்களுக்குள் நுழையலாம் என்ற தடையைத் தளர்த்தி, அப்பாடங்களுக்கு உண்மையில் தேவைப்படும் கணிதத்தை மட்டும், பொறியியல் ஆசிரியர்களைக் கொண்டே, ஆய்வுக்கூடப் பயிற்சியுடன் முதலாண்டில் கற்பித்தது. தொடர்ந்து படித்தவர்களின் விகிதம் அங்கே உயர்ந்தது.

உங்கள் வகுப்பிலும் இதைச் சிறிய அளவில் செய்யலாம். 30 செண்டிமீட்டர் நீளமுள்ள அட்டைக் கை ஒன்றைச் சிறு மோட்டாரில் பொருத்துங்கள். கிடைமட்டத்திலிருந்து 60 பாகை உயர்த்தினால் அதன் நுனி எங்கே நிற்கும் என்று முதலில் கணக்கிடச் சொல்லுங்கள்: கிடையாக 15, உயரத்தில் ஏறக்குறைய 26 செண்டிமீட்டர். பிறகு அளவுகோலை வைத்து அளக்கட்டும். அளவு 25க்குச் சற்று மேல் வந்தால், அட்டை வளைந்ததா, கோணம் பிசகியதா என்று அவர்களே வாதிடத் தொடங்குவார்கள். சைனும் கோசைனும் தேர்வுக்கானவை என்ற எண்ணம் அந்த மேசையில்தான் கரைகிறது. துறை வல்லுநர்களை வாரம் ஒருவராக அழைத்துப் பேசவைக்கும் அறிமுகப் பாடங்களில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. மாணவர் கை அங்கே சும்மா இருக்கிறது.

மதிப்பெண்ணையும் கவனியுங்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 2014இல் முதற்பருவத் தரநிலைகள் ஒட்டுமொத்தச் சராசரியைப் பாதிக்காதவாறு விதியை மாற்றியது. அத்தகைய அதிகாரம் உங்களிடம் இல்லாவிட்டாலும், முதல் தேர்வின் எடையைக் குறைத்து, திருத்தி மீண்டும் ஒப்படைக்க வாய்ப்பளிக்கலாம்.

அத்தேர்வில் பின்தங்கியவர்களைத் தனித்தனியே, பெயர் சொல்லி அழையுங்கள். எல்லாருக்கும் அனுப்பும் பொது மின்னஞ்சலைப் பார்த்துக் கூச்சமுள்ள மாணவர் வருவதில்லை. விடைத்தாளை மேசையில் விரித்து, கணக்கு எந்த வரியில் தடம் மாறியது என்று இருவருமாகத் தேடுங்கள். பெரும்பாலும் அது பத்து நிமிட வேலைதான்.