வெளியாளிடம் பிராது எழுதக் கொடுக்கலாமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் நானும் நண்பரும் கூட்டாக வழக்கறிஞர் அலுவலகம் நடத்துகிறோம். கடலூர், பண்ருட்டி, சிதம்பரம் என்று கோர்ட்டுக்கு அலைவதிலேயே நாள் போய்விடுகிறது. பிராதும் (வழக்குத் தொடுப்பவரின் மனு) எதிருரையும் (அதற்கு எதிர்த்தரப்பு தரும் பதில்) எழுத ஆளில்லை. முன்பு எங்களிடம் ஜூனியராக இருந்த பெண் வழக்கறிஞர், குழந்தை பிறந்தபின் புதுச்சேரியில் வீட்டிலிருந்தபடியே வழக்குக்கு இவ்வளவு என்று எழுதித் தர முன்வந்திருக்கிறார். சட்டம் படித்துவிட்டு இன்னும் வழக்கறிஞராகப் பதிவு செய்யாத இளைஞர் ஒருவரும் கேட்கிறார். இருவருக்கும் ஃபீஸில் பங்கு தரலாமா? தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு? பண்ருட்டி வழக்கு ஒன்றில் எதிருரைக்கான 30 நாள் அடுத்த வாரம் முடிகிறது.

பதில்: அந்தச் சகோதரிக்குத் தாராளமாகக் கொடுங்கள். வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் பார் கவுன்சில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் ஒன்றுதான். பதிவு நடப்பில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அவரே வாய்தாவுக்கு வந்து நிற்பதானால் வக்காலத்தில் (கட்சிக்காரர் வழக்கறிஞரை நியமிக்கும் பத்திரம்) அவர் பெயரும் கையெழுத்தும் இருக்கட்டும்.

இளைஞர் விஷயம் வேறு. வழக்கறிஞர் அல்லாத எவருடனும் ஃபீஸைப் பங்கிட ஏற்பாடு செய்யக் கூடாது என்று பார் கவுன்சில் விதி தடுக்கிறது. தீர்ப்புகளைத் தேடித் தருவது போன்ற வேலைக்கு நிலையான ஊதியம் கொடுங்கள், சதவீதம் வேண்டாம். முதலில் அவரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

பொறுப்பு யாருக்கு என்று கேட்டீர்கள். பிராதில் கையெழுத்திட்ட வழக்கறிஞருக்குத்தான். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முந்திரித் தோப்பு ஒன்றின் பாகப்பிரிவினை வழக்கில், வெளியே எழுதி வாங்கிய பிராதைப் பத்திப் பத்தியாகப் படித்தேன். சொத்து விவரத்தை மட்டும் மேலோட்டமாகப் பார்த்தேன். சர்வே எண் 114/2 என்பது 114/12 ஆகியிருந்தது. நான்கெல்லையில் கிழக்கும் மேற்கும் இடம் மாறியிருந்தன. திருத்த மனு போட்டு அதைச் சரிசெய்ய ஒன்றரை ஆண்டு ஆனது. அத்தனை நாளும் அந்த வயதான அம்மா ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏறி வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். எழுதியவரை நான் குறை சொல்லவில்லை. மூலப்பத்திரத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருக்க வேண்டியவன் நான்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பல அலுவலகங்களுக்கு எழுதித் தருபவரிடம் எதிர்த்தரப்பின் வழக்குக் கட்டும் (ஆவணக் கோப்பு) போய்ச் சேரலாம். ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவரோ பிராது எழுதியவரோ அதே வழக்கில் மறுதரப்புக்கு வேலை செய்யக் கூடாது. நம் ஊர்ப்பக்கம் பங்காளி வழக்குகளில் இது சுலபமாக நேர்ந்துவிடும். ஆகவே கட்டை அனுப்பும் முன் இரு தரப்பினரின் பெயர், ஊர், சொத்து ஆகியவற்றை மட்டும் சொல்லி, இதை எழுதத் தடை உண்டா என்று எழுதுபவரிடம் கேளுங்கள். தடையில்லை என்று எழுத்தில் பதில் வந்த பிறகே ஆவணம் போகட்டும். கட்சிக்காரரிடமும் முன்கூட்டியே சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். அவர் நம்மை நம்பிச் சொன்னதை வெளியே விட, 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 132 அவருடைய வெளிப்படையான சம்மதத்தைக் கேட்கிறது.

பணத்தை வேலைக்கு இவ்வளவு என்று முன்பே பேசி, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு ஜெயித்தால்தான் என்ற பேச்சுக்கே இடமில்லை. கட்சிக்காரர் கொடுக்கத் தாமதித்தாலும் எழுதியவருக்குச் சொன்ன நாளில் கொடுத்துவிடுங்கள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இரவில் கண் விழித்து எழுதுகிறவர் அவர். முழு நேரமும் உங்கள் வேலையையே வாங்கிக்கொண்டு 'வெளியாள்' என்று பெயர் மட்டும் வைப்பது நியாயமாகாது. ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும், மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகையாக இருக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் கூறியிருக்கிறது. நீங்கள் கூட்டு நிறுவனம் என்பதால், அவருக்குத் தரும் தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீத வருமான வரி பிடித்தம் உண்டு. ஜி.எஸ்.டி. கவலை வேண்டாம், வழக்கறிஞர் வழக்கறிஞருக்குச் செய்யும் சட்டப் பணிக்கு விலக்கு இருக்கிறது.

பண்ருட்டி எதிருரையை மட்டும் இந்த முறை நீங்களே எழுதுங்கள். சம்மன் சார்பு செய்யப்பட்ட (கட்சிக்காரரிடம் சேர்ப்பிக்கப்பட்ட) நாளிலிருந்து எண்ணிப் பாருங்கள். நீதிமன்றம் காரணம் பதிவு செய்து 90 நாள் வரை நீட்டிக்கலாம் என்றாலும், அதை நம்பிக் கட்டை இப்போது புதுச்சேரிக்கு அனுப்ப வேண்டாம். அவருடைய முதல் வேலை, நிதானமாக எழுத நேரமுள்ள ஒரு பிராதாக இருக்கட்டும்.