பத்து சதவீத வட்டி, பன்னிரண்டைவிட அதிகம்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். சம்பளம் கைக்கு 52,000 ரூபாய் வருகிறது; வாடகை, வீட்டுச் செலவெல்லாம் சேர்ந்து 32,000. சேமிப்பு மூன்றரை லட்சம் இருக்கிறது. குழந்தை பிறந்தபிறகு பைக்கில் ஊருக்குப் போய்வர முடியவில்லை. ஒரு கார் கன்சல்டிங்கில் 2019 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல், சிங்கிள் ஓனர், 41,000 கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு 5.40 லட்சம் சொல்கிறார்கள். 1.40 லட்சம் கட்டினால் மீதி 4 லட்சத்துக்கு அவர்களே லோன் போட்டுத் தருவார்களாம். 10 சதவீத வட்டி, 4 வருடம், மாதம் 11,667 ரூபாய். என் பேங்கில் 12 சதவீதம் கேட்கிறார்கள். இன்றைக்கே 20,000 டோக்கன் கொடுத்தால்தான் வண்டியை நிறுத்திவைப்பார்களாம். கன்சல்டிங் லோனையே எடுத்துவிடலாமா சார்?

பதில்: டோக்கனை இன்னும் கொடுக்கவில்லை என்று நம்புகிறேன். கொடுக்காதீர்கள். வண்டியைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் அந்தப் பத்து சதவீதத்தைப் பார்ப்போம்.

4 லட்சத்துக்கு வருடம் 40,000 வட்டி. நான்கு வருடத்துக்கு 1,60,000. அசலோடு சேர்த்து 5,60,000 ரூபாயை 48 மாதத்தால் வகுத்தால் அவர்கள் சொன்ன 11,667 அப்படியே வருகிறது. அதாவது இது ஃபிளாட் வட்டி. மூன்று வருடம் கட்டி, கடனில் பெரும்பகுதியை அடைத்த பிறகும் முழு 4 லட்சத்துக்கே வட்டி போட்டுக்கொண்டிருப்பார்கள். பேங்க் சொல்லும் 12 சதவீதம் பெரும்பாலும் குறையும் நிலுவைக்கு, அதாவது மாதாமாதம் கட்டக் கட்டக் குறைந்துவரும் பாக்கிக்கு மட்டும்; எதற்கும் ஒருமுறை கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அந்தக் கணக்கில் கன்சல்டிங் வட்டியைப் போட்டால் 17.6 சதவீதம் வரை போகிறது. பேங்கில் இதே 4 லட்சத்துக்கு மாதம் 10,534தான், மொத்த வட்டி 1.06 லட்சம். வித்தியாசம் 54,000 ரூபாய். வண்டி விலையில் பத்தாயிரம் குறைக்க அரைநாள் பேரம் பேசுகிற நாம், லோன் பேப்பரில் மட்டும் இரண்டு நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

லோன் பிடித்துக் கொடுத்தால் கன்சல்டிங்குக்குக் கமிஷன் கிடைப்பது வழக்கம். அது அவர்கள் தொழில், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உங்களுக்கு எது லாபம் என்பதை அவர்களிடம் கேட்க முடியாது. பேங்கானாலும் ஃபைனான்ஸ் கம்பெனியானாலும், தனிநபர் எடுக்கும் வாகனக் கடன் போன்றவற்றுக்குக் கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மெண்ட் (கடனின் முக்கிய விவரங்கள் அடங்கிய தாள்) தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 அக்டோபர் முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. அதில் ஏபிஆர் என்று ஒரு சதவீதம் இருக்கும். பிராசஸிங் கட்டணத்தையும் சேர்த்துப் போட்ட உண்மையான வட்டி அதுதான். இரண்டு இடத்திலும் அதை வாங்கி, அந்த ஒரு எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள்.

நானாக இருந்தால் சேமிப்பில் ஒன்றரை லட்சத்தைத் தொடமாட்டேன். கைக்குழந்தை இருக்கும் வீடு. நாலரை மாதச் செலவாவது கையில் இருக்கட்டும். மீதி இரண்டு லட்சத்தில் 30,000 பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், சில்லறை ரிப்பேருக்கு. 1.70 லட்சம் வண்டிக்கு. விலை 5 லட்சத்துக்கு இறங்கினால் 3.30 லட்சம்தான் கடன். பேங்கில் 12 சதவீதத்துக்கு மூன்றே வருடம் போட்டால் மாதம் 10,961. மொத்த வட்டி 65,000க்குள். கன்சல்டிங் சொன்ன தவணையைவிடக் குறைவு, ஒரு வருடம் முன்னாலேயே முடிந்தும்விடும். பெட்ரோலுக்கும் சர்வீசுக்கும் மாதம் ஒன்பதாயிரம் மிஞ்சும்.

5 லட்சத்துக்கு இறங்குவார்களா? கேட்க நியாயம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, செஸ்ஸும் போய்விட்டது. புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டிக்கும் இறங்கத்தானே வேண்டும்? இன்னொன்று, பழைய காருக்கு 18 சதவீத ஜிஎஸ்டி என்று தனியாகச் சேர்த்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த வரி கன்சல்டிங்கின் லாபத்துக்கு மட்டும்தான், மொத்த விலைக்கு இல்லை.

41,000 கிலோமீட்டர் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். 1819 என்றால் 2019ன் 18ஆவது வாரம் தயாரானது. நான்கு டயரும் வண்டியைவிட நாலு வயது இளையவை என்றால், அவ்வளவு கம்மியாக ஓடிய வண்டிக்கு ஏன் டயர் மாற்றினார்கள் என்று கேளுங்கள். வண்டி நம்பரை வைத்துக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் விவரத்தையும் விசாரியுங்கள். டிங்கர் வேலை நடந்திருக்கிறதா என்பதை உங்கள் மெக்கானிக் பார்த்துச் சொல்வார்; ஆயிரம் இரண்டாயிரம் கேட்டால் கொடுங்கள்.

ஆர்சி பேப்பர் விஷயத்தில் அவசரம் வேண்டாம். பழைய ஓனர் லோனில் எடுத்திருந்தால், கடன் கொடுத்தவரின் என்ஓசியும் (ஆட்சேபனை இல்லை என்ற சான்று), ஆர்சியிலிருந்து அந்தக் கடனை நீக்கும் படிவம் 35ம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. பரிவாகன் தளத்தில் அபராதம் பாக்கி இருக்கிறதா என்பதை நீங்களே பார்த்துவிடலாம். ‘ஆர்சி ஒரு மாதத்தில் வீட்டுக்கே வரும்’ என்றால், வரும்வரை 25,000 ரூபாயைப் பிடித்துவைக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். வண்டி கைக்கு வந்த 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பழைய ஓனரின் நோ கிளைம் போனஸ் (கிளைம் கேட்காததற்காக அவருக்குக் கிடைத்த பிரீமியம் தள்ளுபடி) உங்களுக்கு வராது. அந்தத் தள்ளுபடிப் பணத்தை இன்சூரன்ஸ் கம்பெனி உங்களிடம் கேட்கும். விலை பேசும்போதே அதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

டோக்கன் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் ஐயாயிரம் போதும், அதையும் ஜிபேயில் அனுப்புங்கள். பேப்பரிலோ மெக்கானிக் சோதனையிலோ குறை வந்தால் முழுத் தொகையும் திரும்பத் தரப்படும் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுதித்தர யோசித்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். அவிநாசி ரோட்டில் இன்னும் எத்தனையோ கன்சல்டிங் இருக்கின்றன.