கடைத் தேங்காயும் கை காட்டும் ஓட்டுநரும்: கேள்வி பதில்

இடித்துக்கொண்டு நுழைகிறவர்களைப் பற்றித்தான் வழக்கமாக என்னிடம் கேட்பார்கள். இந்த முறை வந்த கேள்விகள் நேர் எதிர் ரகம். நடுவழியில் நிறுத்தி, போகிற வருகிற எல்லோரையும் 'நீங்க போங்க' என்று அனுப்பிவைக்கும் மகராசன்களைப் பற்றியவை. இருபது வருடமாக வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். எனக்கும் இவர்கள் மேல் கொஞ்சம் காட்டம் உண்டு.

கேள்வி: சார், எதிரே வரும் வண்டிகளைத் தாண்டிப் பக்கத்துத் தெருவுக்குள் திரும்பக் காத்திருக்கிறேன். எதிரே வருகிறவர் சட்டென்று நிறுத்திக் கை காட்டுகிறார். முறைப்படி வழி அவருடையது. அவருக்குப் பின்னால் ஹார்ன், எனக்குப் பின்னாலும் ஹார்ன். போகலாமா?

அவர் கை காட்டினார் என்பதற்காகப் போகாதீர்கள். அவர் விட்டுக்கொடுத்தது அவருடைய லேனை மட்டும். பக்கத்து லேனில் வருகிறவருக்கோ, ஓரமாகப் புகுந்து வரும் பைக்குக்கோ உங்கள் இருவருக்குள் நடந்த இந்த ஒப்பந்தம் தெரியாது. போதாக்குறைக்கு, நின்ற வண்டியே அந்த பைக்கை உங்களிடமிருந்து மறைக்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டரில் வரும் பைக் ஒரு வினாடியில் 11 மீட்டர் கடந்துவிடும். ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்கவே ஒரு வினாடிக்கு மேல் ஆகும். இடித்துவிட்டால் கை காட்டியவர் தன் பாட்டுக்குப் போய்விடுவார். குறுக்கே திரும்பியவர் நீங்கள் என்று பழி பெரும்பாலும் உங்கள் மேல்தான் விழும்.

அடுத்த லேன் கண்ணில் படும்வரை ஊர்ந்து போய், நின்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள். பார்க்க வழியே இல்லையா? அவர் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, கையை ஸ்டீயரிங்கில் வைத்துக்கொண்டு சும்மா இருங்கள். கொஞ்ச நேரத்தில் அலுத்துப்போய்க் கிளம்பிவிடுவார்.

கேள்வி: நீங்கள் திட்டும் அந்த ஆள் நான்தான். ஒருவருக்கு வழிவிட்டால் ஐந்து வினாடி போகுமா? அதற்கு ஏன் இவ்வளவு கோபம்?

ஐந்து வினாடி உங்களுக்கு. உங்கள் பின்னால் இருபது பேர் நிற்கிறார்களே, அவர்களைக் கேட்டீர்களா? கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். புண்ணியம் உங்களுக்கு, தேங்காய் அவர்களுடையது.

பச்சை விழுந்து வரிசை நகர ஆரம்பித்தால், ஒரு லேனில் ஒரு கார் போக ஏறக்குறைய 2 வினாடி. 30 வினாடிப் பச்சையில், கிளம்பும் தாமதம் போக, பதினான்கு கார் தாண்டலாம். நடுவில் நீங்கள் நின்று, ஒருவரை உள்ளே விட்டு, மறுபடி கிளம்பினால் இரண்டு மூன்று கார் அடுத்த பச்சைக்குத் தள்ளப்படும். அவர்களுக்குப் போனது ஐந்து வினாடி இல்லை, ஒரு முழுச் சுற்று.

பிரேக்கின் பாதிப்பு உங்களோடு நிற்பதும் இல்லை. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட ஒரு சோதனையில், 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களைச் சீராக ஓட்டச் சொன்னார்கள். சிக்னல் இல்லை, தடங்கல் இல்லை, யாரும் யாருக்கும் வழிவிடவும் இல்லை. அப்படியும் சின்னச் சின்ன வேக வித்தியாசங்கள் பெருகி, சில கார்கள் முழுதாக நிற்க வேண்டி வந்தது. அந்த நெரிசல் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தது. ஓடுகிற வரிசையில் நீங்கள் வேண்டுமென்றே பிரேக் போட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

உங்கள் நல்ல மனசுக்கும் இடம் இருக்கிறது. முன்னால் வரிசை ஏற்கெனவே நின்றுவிட்டதா? பக்கத்துத் தெருவின் வாயை அடைக்காமல் இடைவெளி விட்டு நில்லுங்கள். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அப்போதும் கை காட்டாதீர்கள். இடம் இருப்பது அவருக்கே தெரியும். பார்த்துப் போவது அவர் பொறுப்பு.

கேள்வி: ரவுண்டானாவுக்குள் சுற்றிக்கொண்டிருப்பவர் நின்று, வெளியே காத்திருப்பவர்களை உள்ளே கூப்பிடுகிறார். இது சரியா?

தப்பு. பழைய ரவுண்டானாக்களில் நுழைகிறவர்கள் உள்ளே இருப்பவர்களை மறிக்க, வட்டம் பூட்டிக்கொள்வது சகஜம். உள்ளே இருப்பவருக்கே முன்னுரிமை என்று 1966-ல் பிரிட்டன் விதி போட்ட பிறகுதான் அங்கே அது ஒழுங்காக ஓட ஆரம்பித்தது. உங்கள் ஆள் 1966-க்கு முந்தைய காலத்தைத் திரும்பக் கொண்டுவருகிறார்.

கேள்வி: பாதசாரிக்காக நிறுத்துவதும் தப்பா?

ஜீப்ரா கிராசிங்கில் நிறுத்துவது சலுகை இல்லை, கடமை. நிறுத்தத்தான் வேண்டும்.

ஆனால் ஒரே திசையில் இரண்டு மூன்று லேன் உள்ள சாலையில் எங்கே நிறுத்துகிறீர்கள் என்பது முக்கியம். கோட்டை ஒட்டி நின்றால் உங்கள் வண்டி பாதசாரியை மறைத்துவிடும். உங்களை நம்பி அவர் நடக்க, அடுத்த லேனில் வருகிறவர் அவரைக் கடைசி நொடியில்தான் பார்ப்பார். இந்த வகை விபத்துக்குத் தனிப் பெயரே வைக்கும் அளவுக்கு இது அடிக்கடி நடக்கிறது. அமெரிக்காவில் சிக்னல் இல்லாத பல லேன் சாலைகளில், நிறுத்தக் கோட்டைக் கிராசிங்குக்கு 6 முதல் 15 மீட்டர் முன்னதாகவே போடச் சொல்வது இதனால்தான். கோடு இல்லாவிட்டாலும் நாமாகவே தள்ளி நிற்கலாம்.

கிராசிங்கே இல்லாத இடத்தில், வேகமாக ஓடும் சாலையில், ஒரு லேன்காரர் மட்டும் நின்று பாட்டியையும் பேரனையும் 'வாங்க' என்று கூப்பிடுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும்.

கேள்வி: முன்னால் ஒரு லேன் மூடியிருக்கிறது. நான் மரியாதையாக முன்கூட்டியே மாறிவிட்டேன். காலியான லேனில் கடைசிவரை போய் நுழைகிறவர்களைப் பார்த்தால் எரிகிறது.

கோபம் புரிகிறது. ஆனால் நெரிசல் நேரத்தில் அவர்கள் செய்வதுதான் சரி. எல்லோரும் முன்னாலேயே மாறினால் ஒரு லேன் சும்மா கிடக்கும், வரிசை இரட்டிப்பாக நீண்டு பின்னால் இருக்கும் சந்திப்பை அடைக்கும். குறுகும் இடம்வரை இரண்டு லேனிலும் வந்து, ஜிப் பல் மாதிரி ஒன்றுவிட்டு ஒன்றாகச் சேர வேண்டும். ஜெர்மனியில் இது சட்டமே. இங்கே ஒருவரை விடுவது மரியாதை இல்லை, முறை. நான்கு பேரை விடுவதுதான் வம்பு. சாலை காலியாக வேகமாக ஓடும்போது முன்கூட்டியே மாறுவதில் தப்பில்லை.

கேள்வி: ஹெட்லைட்டை அடித்துக் காட்டினால் 'வா' என்று அர்த்தமா, 'வராதே' என்று அர்த்தமா?

இரண்டும்தான். அதனாலேயே எதையும் நம்பாதீர்கள். பிரிட்டனின் ஹைவே கோட் விதிப்படி, 'நான் இருக்கிறேன்' என்று தெரிவிக்க மட்டுமே விளக்கை அடிக்கலாம்.

கேள்வி: சிக்னல் இல்லாத நாற்சந்தி. நாலு பக்கமும் நாலு பேர், நாலு பேரும் கை காட்டுகிறோம்!

யார் முன்னுரிமை என்பது உங்கள் ஊர் விதியில் இருக்கும். அது உங்களுக்கு என்றால் நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுங்கள். பதிலுக்குக் கை காட்டினீர்களோ, விடிந்துவிடும்.

கேள்வி: நான் ஓட்டுவதில்லை, டாக்ஸியில் போகிறவள். என் டிரைவர் அண்ணன் எல்லோருக்கும் வழிவிட்டுக்கொண்டே போகிறார். சொல்லலாமா?

முதலில் மீட்டர் ஓடுகிறதா பாருங்கள், அம்மா. ஓடினால் தேங்காய் உங்களுடையது.