கராச் வாங்கு: மாஸ்டரின் எம்.டி. நைன்ரி

மோட்டச்சைக்கிளைக் கொடுப்பது பற்றி இந்த முறை மூன்று கடிதங்கள்தான். முதலாவதே பக்கத்தை விழுங்கிவிட்டது. மற்ற இரண்டு பேரும் கோபிக்க வேண்டாம்.

கேள்வி: அண்ணை, நான் சண்டிலிப்பாயில் நாற்பது வருடம் கணக்குப் படிப்பித்த ரியூசன் மாஸ்டர். வயது 69. 1985இல் வாங்கிய ஹொண்டா எம்.டி. 90 மோட்டச்சைக்கிள் இன்னும் என்னிடம் இருக்கிறது. பழைய ஸ்ரீ நம்பர் தகடு. பெற்றோல் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியது. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் மனைவி, இரண்டு பிள்ளைகள், மூட்டை முடிச்சு எல்லாவற்றையும் ஏற்றி, நாவற்குழிப் பாலத்தடியில் ஓட இடமில்லாமல் விடிய விடிய உருட்டி, சாவகச்சேரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். 2022இல் பெற்றோலுக்குக் கியூ.ஆர். பங்கீடு வந்தபோது கிழமைக்குக் கிடைத்த 4 லீற்றரில் எனக்கு மிச்சம்கூட வந்தது. இப்போது வலது முழங்காலில் சத்திரசிகிச்சைக்குத் திகதி தந்திருக்கிறார்கள். இனிக் கிக்கர் உதைக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். இரண்டு பேர் கேட்கிறார்கள். ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்து விருந்தினர் விடுதி கட்டியிருக்கிறார். வாசலில் பூச்சட்டிகளோடு காட்சிக்கு வைக்க ஒன்றரை லட்சம் தருவாராம். மற்றவன் ஊர்ப் பெடியன், வீடு வீடாகப் பால் கொடுப்பவன். ஒரு லட்சத்துக்கு மேல் அவனால் ஏலாது, அதிலும் பாதி பிறகுதான். மனைவி விற்கவே வேண்டாம் என்கிறா. ரொறன்ரோவில் இருக்கும் மகன், "இரும்புதானே அப்பா" என்கிறான். என்ன செய்ய?

பதில்: மாஸ்டர், முழங்காலில் தொடங்குவோம். சரியாக வைத்திருக்கிற எம்.டி. நைன்ரிக்கு உதையே தேவையில்லை. சோக்கை இழுத்துவிட்டுக் கிக்கரைக் கையால் அமுக்கினால் பிடிக்கும். என் கராச்சில் பெடியளுக்கு அப்படிக் காட்டித்தான் பெருமை அடித்திருக்கிறேன். ஆனால் அதை நம்பி நீங்கள் வைத்தியரை எதிர்க்க வேண்டாம். மழைக்குச் சேறான ஒழுங்கையில் சைக்கிள் சரிந்தால் காலை ஊன்றித்தானே தாங்க வேண்டும், அதற்கும் அதே முழங்கால்தான். ஆகவே கொடுக்கத்தான் வேண்டும்.

மண்ணெண்ணெயில் ஓடியது என்று ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அந்த ஒரு வரிக்குள் ஐந்து வருடம் கிடக்கிறது. 1990இல் யாழ்ப்பாணத்துக்குத் தடை வந்தபிறகு பெற்றோல் மருந்துப் போத்தலில் வாங்குகிற சாமான் ஆகிப்போனது. காபரேற்றரில் ஒரு சலைன் குழாய், அதன் நுனியில் சின்னப் போத்தல், அதற்குள் ஒரு மூடி பெற்றோல். அதில் ஸ்ராட் எடுத்து, இஞ்சின் நன்றாகச் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அவசரப்பட்டு மாற்றினால் வெள்ளையாகக் கக்கிவிட்டு நின்றுவிடும். பிளக் நாளுக்கு நாள் கரி பிடிக்கும். எல்லாவற்றையும்விட மோசம், எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் ரிங்கைத் தாண்டி ஒயிலுக்குள் இறங்குவது. ஒயில் பார்க்கிற கம்பியை இழுத்தால் மட்டம் குறைந்திருக்காது, கூடியிருக்கும். மூக்கடியில் பிடித்தால் குப்பி விளக்கு மணக்கும். ஒயில் கூடியிருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு ஓடியவர்களின் இஞ்சின்களை நான் நிறையப் பிரித்திருக்கிறேன்.

இதைப் பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. மண்ணெண்ணெய்க்கு இஞ்சின் தட்டும் என்று, அழுத்தத்தைக் குறைக்க சிலிண்டர் தலைக்குக் கீழே இரண்டாவது கஸ்கெற் (இடையில் வைக்கிற மெல்லிய தகடு) ஒன்றை வைத்துப் பூட்டினோம். பெற்றோல் தாராளமாக வந்த பிறகு அதை எடுத்துவிட வேண்டும் என்று பாதிப் பேருக்கு ஞாபகமே வரவில்லை. உங்களுடையது பின்னால் ஆள் ஏறினால் மூச்சு வாங்குகிறதா? அப்படியென்றால் அந்தக் கஸ்கெற் முப்பது வருடமாக உள்ளே இருக்கவும் கூடும். கொடுக்கமுதல் தலையைக் கழற்றிப் பாருங்கள். அரைநாள் வேலை. வாங்குபவனுக்கு உங்கள் சைக்கிளின் உண்மையான இழுவை கிடைக்கட்டும்.

சரி, பூச்சட்டிக்காரர். அவரைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. காசு கொடுத்து வாங்குகிறார், ஒருவேளை அவருடைய தகப்பனும் எம்.டி. நைன்ரியில் திரிந்தவராக இருக்கலாம். ஆனால் பூச்சட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் சைக்கிளுக்கு என்ன நடக்கும் என்று சொல்கிறேன். காலையும் மாலையும் சட்டிக்கு ஊற்றும் தண்ணீர் முதலில் சைலன்சரின் அடியைத் தின்னும். ஒரு மாரி போனால் பிஸ்ரன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். ரயர் ஒரே இடத்தில் நின்று வெடிக்கும். சீற்றின் ரெக்சினை அணில் கிழிக்கும். பிறகு அழகாக இருக்கட்டும் என்று யாராவது தங்க நிற மை பூசுவார்கள். இதையெல்லாம் நான் ஒரு விடுதி வாசலில் கண்ணால் பார்த்தேன், அது ஹொண்டா சி. 90. கிக்கரில் காலை வைத்துப் பார்த்தேன். அசையவில்லை.

ஆனாலும் மாஸ்டர், ஐம்பதாயிரம் சின்னக் காசில்லை. ரியூசன் மாஸ்டருக்குப் பென்சன் கிடையாது, சத்திரசிகிச்சைக்குப் பிறகு மருந்து, போக்குவரத்து, தெறபி என்று போய்க்கொண்டே இருக்கும். அந்த ஐம்பது இல்லாமல் முடியாது என்றால் பூச்சட்டிக்காரருக்கே கொடுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. சமாளிக்கலாம் என்றால் என் வாக்கு பால்காரப் பெடியனுக்கு. இரக்கத்தால் சொல்லவில்லை. எம்.டி. நைன்ரி ஜப்பானில் தபால்காரருக்காகச் செய்த சைக்கிள். வாசலுக்கு வாசல் நிற்க வேண்டும், இறங்க வேண்டும், திரும்ப ஏற வேண்டும், ஒரு நாளைக்கு நூறு தடவை. அதனால்தான் கிளச் கைப்பிடி இல்லை, ஏறி இறங்க நடுப்பகுதி தாழ்வு, முன்னும் பின்னும் சாமான் ஏற்ற இடம். படலைக்குப் படலை பால் கொடுக்கிறவனின் வேலைக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. நீங்கள் வகுப்புக்கு வகுப்பு ஓடியதைவிட அவன் அதற்குப் பொருத்தமானவன் என்று சொன்னால் கோபிப்பீர்களோ தெரியாது.

இப்போது வாகனப் பதிவுப் புத்தகம். இதில்தான் எங்கள் ஆட்கள் கோட்டை விடுவது. நானும் விட்டவன். 2003இல், ஏ9 பாதை திறந்திருந்த நேரம், என் ஹொண்டா சீ.டி. 200ஐ வெளி மாவட்டக்காரர் ஒருவருக்கு ஓப்பின் பேப்பரில் விற்றேன். மாற்றப் படிவத்தில் கையெழுத்தை மட்டும் வைத்துக் கொடுத்தேன், வாங்குபவர் பெயர் வெறுமை. அவர் இன்னொருவருக்கு, அவர் இன்னொருவருக்கு. இரண்டு வருடம் கழித்துப் பொலிஸ் கடிதம் வருகிறது, என் மோட்டச்சைக்கிள் எங்கேயோ ஒரு ஆளை அடித்துவிட்டு நிற்காமல் ஓடிவிட்டதாம். நான் கொக்குவிலில் வாங்கில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறேன், கடதாசியின்படி நான்தான் சொந்தக்காரன். அந்த அலைச்சல் முடிய ஒன்பது மாதம். சைக்கிளை விற்ற கவலை அதோடு போய்விட்டது, அது ஒன்றுதான் இலாபம்.

ஆகவே பெடியனோடு சேர்ந்து நீங்களே நின்று பெயரை மாற்றுங்கள். பாதிக் காசுக்குச் சைக்கிளைக் கொடுத்துவிட்டு மிச்சம் வரும்வரை புத்தகத்தைப் பெட்டிக்குள் பூட்டி வைப்பது ஊர் வழக்கம். செய்யாதீர்கள். அவன் மிச்சக் காசு கட்டி முடிக்கும்வரை தெருவில் ஓடுவது உங்கள் பெயர். கடனை வேறாக எழுதுங்கள், இரண்டு சாட்சி வையுங்கள், சைக்கிளை அவன் பெயருக்கு மாற்றிவிடுங்கள். அவன் ஏமாற்றினால் ஐம்பதாயிரம் போகும், பொலிசுக்கு அலைய வேண்டி வராது. கையளித்த நாளோடு நேரத்தையும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள், அவனுடைய அடையாள அட்டைப் பிரதி ஒன்று வாங்கி வையுங்கள். காலை பத்து மணிக்குக் கொடுத்து, பத்தரைக்கு அவன் எங்காவது மோதினால் அந்த அரைமணி நேரம்தான் உங்களைக் காப்பாற்றும்.

அதற்கும் முதல் ஒரு வேலை. ரோச் லைற்றைப் பிடித்து இஞ்சின் நம்பரையும் செசி நம்பரையும் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். தொண்ணூறுகளில் எந்த இஞ்சின் எந்தச் சட்டத்தில் ஏறியது என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஓடினால் போதும் என்று மாற்றினோம், புத்தகத்தில் யார் பதிந்தார்கள்?  இஞ்சின் நம்பர் வேறாக இருந்தால் முதலில் அதைத் திணைக்களத்தில் திருத்துங்கள், பிறகு பெயர் மாற்றம். வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைச் சான்றிதழ் மூன்றும் நடப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சாவி, திருகாணி எல்லாம் வைக்கிற ரூல்ஸ் பையையும் கொடுங்கள். அதற்குள் கட்டாயம் நாடாவால் சுற்றிய பிளக் சாவி ஒன்று இருக்கும், எல்லா எம்.டி. நைன்ரிக்காரரிடமும் இருக்கும். ஒரு கொப்பித் தாளில் உங்கள் சைக்கிளின் குணங்களை எழுதிக் கொடுங்கள். சோக்கை எவ்வளவு இழுக்க வேண்டும், எந்தக் கியரில் அடம்பிடிக்கும், சீற்றைத் தூக்கிப் பெற்றோல் அடிக்கும்போது மூடியை எங்கே வைத்தால் உருளாது. கணக்கு மாஸ்டருக்குப் படிமுறை எழுதச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாங்கும்போது ரயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசிக்கிறோம், ஐயர் வந்து திருநீறு பூசுகிறார். விற்கும்போது செய்ய எங்களிடம் சடங்கு ஒன்றும் இல்லை. அந்தக் குறையை அக்காவை, அதுதான் உங்கள் மனைவியை, வைத்துத்தான் தீர்க்க வேண்டும். அவ ஏன் வேண்டாம் என்கிறா என்று கேட்டீர்களா? கடிதத்தில் இல்லை. சத்திரசிகிச்சைத் திகதிக்கு முதல் ஒரு விடியப்புறம், பெடியனைக் கொண்டு ஸ்ராட் செய்வித்து, அக்காவைப் பின்னால் ஏற்றிக் கீரிமலைக்குப் போய் வாருங்கள். இரண்டு பேரும் ஹெல்மெற் போட வேண்டும். போகிற வழியில் அவ காரணத்தைச் சொன்னாலும் சொல்லுவா.

கேள்வி: மூன்று மாதம் கொழும்பில் நின்றுவிட்டு வந்தேன். வீட்டில் விட்ட மோட்டச்சைக்கிள் ஸ்ராட் ஆகவில்லை. விற்றுவிடலாமா? (நெல்லியடி)

பதில்: தம்பி, காபரேற்றரின் அடிக்கிண்ணத்தில் ஒரு வடிகுழாய்த் திருகு இருக்கும். அதைத் தளர்த்திப் பழைய பெற்றோலை வடித்துவிட்டுப் புதிது விடும். பிளக்கைத் துடையும். பற்றறியைச் சார்ஜில் போடும். அதற்குப் பிறகும் பிடிக்காவிட்டால் விற்பதைப் பற்றிப் பேசுவோம். இனிப் போகும்போது கிண்ணத்தைக் காயவைத்துவிட்டுப் போம்.

கேள்வி: அம்மா மருத்துவிச்சியாக ஓடித் திரிந்த சிவப்பு ஹொண்டா சாலி இன்னும் இணுவில் வீட்டுப் பத்தியில் நிற்கிறது. அம்மா விற்கப் போகிறாவாம். எனக்கு அது வேணும். கனடாவுக்குக் கொண்டுபோகலாமா? (விடுமுறையில் வந்திருக்கும் வாசகி)

பதில்: பிள்ளை, அதற்கு வழி இருக்கிறது. கனடாவில் 15 வருடம் தாண்டிய வாகனத்துக்கு அவர்களுடைய இறக்குமதிப் பாதுகாப்புத் தர விதி பொருந்தாது. சாலிக்கு வயது போனதே இங்கே உதவி. கப்பல் கூலி, சாலியின் விலையைவிடக் கூட வரும், அதைத் தெரிந்துகொண்டு இறங்கும். ஏற்றுமதிக் கடதாசிகளுக்கு நல்ல கிளியறிங் ஏஜன்ரைப் பிடியும். அம்மாவின் கையெழுத்து வேண்டிய எல்லாவற்றையும் இந்த விடுமுறைக்குள்ளேயே முடித்துவிடும்.

இன்னொன்று, வாகனத்தில் மண் ஒட்டியிருந்தால் அங்கே இறக்க விடமாட்டார்கள். பூச்சி, விதை வரும் என்று பயம். இணுவில் செம்மண் லேசில் போகிற மண் இல்லை, அதுவும் மருத்துவிச்சி வீடு வீடாக ஓடிய சைக்கிளில். சில்லைக் கழற்றி, மட்காட்டின் உட்பக்கத்தைப் பழைய பல் பிரஷ்சால் தேய்க்க வேண்டும்.