பித்தளை நிறக் கைக்கடிகாரத்தில் களிம்பு ஏறாதது ஏன்?

வணக்கம். கைக்கடிகாரத்துக்குப் பழமைத் தோற்றம் தர வினிகரிலும் உப்பிலும் ஓரிரவு ஊறவைத்தும் கடிகார உறையில் பச்சைக் களிம்பு ஏறவில்லை, மாறாகச் சாம்பல் நிறப் புள்ளிகளே தோன்றின என்று எழுதியிருந்தீர்கள். அந்த உறை பெரும்பாலும் பித்தளை அன்று. மலிவு விலைக் கடிகாரங்களில் துத்தநாகக் கலவையை வார்த்து, அதன்மேல் மெல்லிய பொன்னிற முலாம் பூசுவதே வழக்கம். பின்மூடியைக் கழற்றி, உறையின் உள்விளிம்பை அரத்தால் இலேசாகச் சுரண்டிப் பாருங்கள்: அடியில் மஞ்சள் தெரிந்தால் பித்தளை, வெண்சாம்பல் தெரிந்தால் பெரும்பாலும் துத்தநாகக் கலவை.

துத்தநாகமாயின் அமிலத்தை உடனே நிறுத்துங்கள், அது உலோகத்தை அரிக்குமே தவிர அழகுபடுத்தாது. இயந்திரம், முகப்பு, கண்ணாடி மூன்றையும் அகற்றியபின், விளிம்புகளில் மட்டும் முலாமை 600 எண் உப்புத்தாளால் தேய்த்து, நீர்த்த அடர்பழுப்பு அக்ரிலிக் வண்ணத்தைப் பள்ளங்களில் தேங்கவிட்டு, மேட்டுப் பகுதிகளை உடனே துடைத்துவிடுங்கள். நேரம் திருத்தும் திருகாணியைச் சுற்றிச் சிறிது நீலப்பச்சை வண்ணம் போதும், மிகுந்தால் நாடகப் பொருள்போல் ஆகிவிடும். காய்ந்தபின் பளபளப்பற்ற வார்னிஷ் பூசுங்கள்.

முகப்பில் அலங்காரமாகப் பற்சக்கரம் ஒட்டுவதாயின் முட்கள் இடறாத உயரத்தில், எப்பாக்சிப் பசை கொண்டு ஒட்டுங்கள். உடனடிப் பசையின் ஆவி கண்ணாடியின் உட்புறத்தில் வெண்மையாகப் படியும்.